ராமாமணி பார்த்துவைத்த ஓட்டல்கள்

ஆனைமலையிலிருந்து கோயமுத்தூருக்கு யாரும் டூர் போவதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போவார்கள், நகை எடுக்கப் போவார்கள், பிள்ளையைக் காலேஜில் சேர்க்கப் போவார்கள். காலையில் பஸ் ஏறினால் விளக்கு வைக்கும் நேரத்துக்குள் திரும்பிவிடுவார்கள். என் அம்மா ராமாமணி தன் ஐம்பத்தெட்டாவது வயதில் அந்த ஊருக்கு என் அப்பாவைக் கூட்டிக்கொண்டு மூன்று நாள் டூர் போனாள். லாட்ஜில் அறை எடுத்துத் தங்கினாள். அதே ஊரில்தான் மகள் நான் இரண்டு படுக்கையறை வீட்டில் குடியிருந்தேன்.

"டூருங்களா? கோயமுத்தூருக்கா?" என்று பக்கத்துத் தோட்டத்துப் பழனியாத்தாள் கேட்டாராம். "அங்க என்னுங்க அம்மணி இருக்குது பாக்கறதுக்கு? மேம்பாலமா?"

"ஓட்டலுங்க" என்றாளாம் அம்மா.

பெருந்துறையில் வேலை பார்க்கும் என் அண்ணன் ரவிதேஜா போனில் கெஞ்சினான். "ஊட்டி போங்கம்மா, கொடைக்கானல் போங்க. நான் ரூம் போட்டுத் தாரேன். கோயமுத்தூர்ல லாட்ஜுல தங்குனா போலீஸு வந்து யாரு என்னன்னு விசாரிக்கும்."

"வரட்டும். கல்யாணப் போட்டோவ எடுத்துக்கிட்டுப் போறேன்."

நான் கோபித்துக்கொண்டபோது மட்டும் அம்மா கொஞ்சம் விளக்கினாள். "உன்ற ஊட்டுக்கு வந்தா நாங்க ஒறம்பரை, விருந்தாளிக. நீ சமைப்ப, நீ பரிமாறுவ, உங்க நைனா தட்டத்தத் தூக்கிக்கிட்டு ரூமுக்குள்ள போயிருவாரு. லாட்ஜுன்னா அடுப்பு இல்ல. வெளிய வந்துதானே ஆகோணும்?"

அம்மா போய்ச் சேர்ந்து நாற்பத்தொரு நாளாகிறது. அவள் வளர்த்த தென்னைகளையும், சொசைட்டியில் பால் ஊற்றிய வருஷங்களையும், எங்கள் இருவரையும் படிக்கவைத்த பிடிவாதத்தையும் எழுதலாம். எழுத உட்கார்ந்தால் அந்த மூன்று நாள்தான் முன்னால் வந்து நிற்கிறது.

நைனா என்று நாங்கள் கூப்பிடும் அப்பா சுந்தரராஜுலு, கொப்பரை வியாபாரி. எங்கள் வீட்டில் தெலுங்கும் தமிழும் ஒரே வாக்கியத்துக்குள் வரும். ஆனால் பொள்ளாச்சி மண்டியில் நைனாவின் தமிழ்தான் பெரிய சத்தம். பேச்சில் ஆளை உட்காரவைப்பார், சாப்பாட்டில் ஆளை எழவிடமாட்டார். விருந்தென்றால் அவர் பந்தியில் இருபுறமும் இருப்பவர்களுக்கும் சேர்த்து வடை கேட்பார். அந்த நாக்கில்தான் புண் வந்தது. நுனியையும் ஒரு பக்கத்தையும் வெட்டி எடுத்தார்கள். அதன்பின் கதிர்வீச்சு. உயிர் பிழைத்தார். எச்சில் வற்றிப்போனது. காரம் ஆகாது. கெட்டியானது எதுவும் தொண்டைக்குள் போகாது. ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு மடக்குத் தண்ணீர் வேண்டும். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு முக்கால் மணி, ஒரு மணி நேரம் பிடிக்கும்.

இதையெல்லாம் அவர் தாங்கிக்கொண்டார். தாங்கமுடியாமல் போனது ஓர் எழுத்தில்.

ஆபரேஷன் முடிந்து ஐந்தாம் மாதம் பொள்ளாச்சியில் ஒரு மண்டிக்காரர் வீட்டுக் கல்யாணம். நைனா பந்தியில் உட்கார்ந்தார். பரிமாறியவர் சாதம் வைத்தார். நைனா "போதுங்க" என்றார். நுனியில்லாத நாக்கில் 'து'வும் 'டு'வும் ஒன்றாகிவிட்டிருந்தன. பரிமாறியவர் காதில் "போடுங்க" என்று விழுந்தது. போட்டார். "போதுங்க, போதுங்க!" இன்னும் போட்டார். நைனா சத்தத்தைக் கூட்டினார். அந்த நல்ல மனிதர், பெரியவருக்குப் பசி போலிருக்கிறது என்று, சாம்பார் வாளிக்காரரையும் கூப்பிட்டார். இலையில் ஒரு குன்று எழுந்தது. எதிர்வரிசையில் ஓர் இளவட்டம், "ஐயா இன்னைக்கு வேட்டையாடறாரு" என்றது. நைனா எழுந்து கை கழுவிவிட்டார். இலையில் ஒரு பருக்கை மிச்சம் வைத்துப் பழகாத ஆள்.

எங்களுக்கு அதுவரை இது தெரியாது. வீட்டில் அவர் போதும் என்று சொல்வதில்லை. தெலுங்கில் "சாலு" என்பார். அதை யாரும் தவறாகக் கேட்க வழியில்லை.

அன்றிலிருந்து அவர் வெளியே ஒரு வாய் சாப்பிடவில்லை. பிறகு வீட்டிலும் யார் முன்னாலும் சாப்பிடவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு கொப்பரைச் சாக்கு அடுக்கும் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார். அம்மா அடுப்படியில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவாள். முப்பத்து மூன்று வருஷம் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்ட இரண்டு பேர். ஒன்றரை வருஷம் இப்படிப் போனது. அம்மா இதைப் பற்றி என்னிடம் அழுததில்லை. ஒருநாள் போன் செய்து, "கோயமுத்தூர்ல நல்ல ஓட்டலு எத்தன இருக்கும்?" என்று கேட்டாள்.

டூருக்கு முந்தைய மாதம் முழுவதும் அவள் வாரம் ஒருமுறை தனியாக வந்தாள். நைனாவிடம் சொன்ன காரணம், எனக்குக் கால்வலி. உக்கடம் பஸ் ஸ்டாண்டில் இறங்குவாள், நான் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொள்வேன். ஒரு நாளைக்கு நான்கைந்து ஓட்டல். உள்ளே நுழைந்ததும் அவள் விலைப்பட்டியலைப் பார்க்கமாட்டாள். நேரே கை கழுவும் இடத்துக்குப் போவாள்.

காந்திபுரத்தில் ஒரு பெரிய ஓட்டல். சாப்பாடு பிரமாதம். கை கழுவும் இடத்தில் சுவர் முழுக்கக் கண்ணாடி. "வேண்டாம்" என்றாள். நைனா வாய் கொப்பளிக்க ஐந்து நிமிஷமாகும். அந்த ஐந்து நிமிஷமும் தன் முகத்தை அவர் பார்த்துக்கொண்டு நிற்கக்கூடாது. இன்னொன்றில் மெத்தை வைத்த சோபா. மேஜை முழங்கால் உயரம். குனிந்தால் வாயிலிருந்து ஒழுகும். அதையும் பட்டியலிலிருந்து அடித்தாள். ரேஸ்கோர்ஸ் பக்கம் ஒரு பஃபேக்குக் கூட்டிப்போனேன். பரிமாற ஆளே கிடையாது, போதும் போடும் என்ற வம்பே இல்லை என்று நான் பெருமையாகச் சொன்னேன்.

"தட்டத்த ஏந்திக்கிட்டு வரிசைல நிக்கறதா? நூறு பேருக்குச் சோறு போட்ட கையி அது."

"சரி, அப்ப மொட்டமாடி ரெஸ்டாரண்ட் ஒண்ணு இருக்கும்மா. மேசைக்கு மேசை மெழுகுவத்தி. ஜோடி ஜோடியா அங்கதான் போவாங்க."

"மெழுகுவத்தி வெளிச்சத்துல எனக்கு அவரு மூஞ்சி தெரியாதே" என்றாள் அம்மா. எத்தனை முறை நினைத்தாலும் அதை அவள் சொன்ன சாதாரணக் குரல்தான் காதில் கேட்கிறது.

சாய்பாபா காலனியில் ஒரு சூப்பர்வைசர், "ஃபேமிலி ரூம் தனியா இருக்குதுங்கம்மா. ஏசி. திரை போட்டிருக்கும், ஒருத்தரு கண்ணுலயும் பட மாட்டீங்க" என்றார்.

"ஒளிஞ்சு சாப்பிடறதுக்கு எங்க ஊட்டுலயே ரூம் இருக்குதுங்க."

பண்டங்களைச் சோதிக்க அவளுக்கு ஒரு முறை இருந்தது. வாயில் போட்டுப் பல் படாமல், நாக்கை அசைக்காமல், தண்ணீர் ஊற்றி விழுங்கிப் பார்ப்பாள். புரோட்டாவில் புரை ஏறிக் கண்ணெல்லாம் சிவந்தது. பரிமாறுகிற பெண் ஓடிவந்து, "ஏனுங்கம்மா, பல்லு வலிங்களா?" என்றாள்.

"பல்லு நல்லாத்தானுங்க இருக்குது. இல்லாட்டி எப்புடீன்னு பாக்கறனுங்க."

கடைசியில் என் பழைய டைரியின் ஒரு பக்கத்தில் மூன்று கடைகள் நின்றன. ஆர்.எஸ்.புரத்தில் சந்தகை கிடைக்கும் ஒரு டிபன் கடை. இடியாப்பம் மாதிரி, ஆனால் அதைவிட மெத்தென்று இருக்கும் அதைத் தேங்காய்ப்பாலில் ஊறவைத்தால் தானே வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். காந்திபுரத்தில் காலை டிபனுக்கு ஒன்று. டவுன்ஹாலுக்குப் பின்னால் ஒரு சந்தில், மதியம் இலைச்சாப்பாடு போடும் ஒரு மெஸ். மூன்றாவதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தாள். அது ஏன் என்று நான் கேட்கவில்லை. "இலைச்சாப்பாடு எதுக்கும்மா? டிபனோட நிறுத்திக்கலாமே?" என்றுதான் கேட்டேன்.

"டிபனு யாரு வேணா சாப்பிடலாம். அவரு எந்திரிச்சுப் போனது இலைல இருந்து. இலைலதான் உக்காரோணும்."

இவ்வளவு யோசித்தவள் ஒரு தப்புச் செய்தாள். ஓட்டல்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டாள். "வெள்ளிக்கெழம என்ற ஊட்டுக்காரரக் கூட்டிட்டு வாரேனுங்க. வாயில ஆப்பரேசன் ஆனவரு. கொஞ்சம் பாத்துக்கங்க." வேறு ஊராக இருந்தால் இதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு மறந்திருப்பார்கள். எங்கள் பக்கத்தில் ஒருவரிடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டால், பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

நைனாவை அவள் எப்படிச் சம்மதிக்கவைத்தாள் என்பது எனக்கு முழுதாகத் தெரியாது. "ஆயுசுல ஒருக்காகூட நீங்க என்னைய எங்கயும் கூட்டிக்கிட்டுப் போயி தங்க வெச்சதில்ல" என்று ஒரே பல்லவியைப் பதினைந்து நாள் பாடினாள் என்று நைனா சொல்கிறார். "அப்புடியெல்லாம் இல்ல, ஒரே தடவதான் கேட்டேன்" என்று அம்மா சொன்னாள். அந்த மூன்று நாளில் நான் உடனில்லை. வரக்கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். இருவரும் பின்னால் தனித்தனியே சொன்னதைச் சேர்த்துத்தான் எழுதுகிறேன். நைனாவின் பேச்சை இங்கே திருத்தமாக எழுதுகிறேன். கேட்டவர்களுக்கு அது அப்படிக் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆர்.எஸ்.புரம். வாசலிலேயே சூப்பர்வைசர் காத்திருந்தார்.

"வாங்கய்யா, வாங்க வாங்க வாங்க. அம்மா எல்லாம் சொல்லியிருக்காங்க. நீங்க ஒண்ணும் சங்கடப்படாதீங்க. உங்க ஊடு மாதிரி நெனச்சுக்கங்க."

ஓரத்து மேஜையில் உட்காரவைத்தார்கள். மின்விசிறியின் வேகத்தைக் குறைத்தார்கள். சந்தகை வந்தபோது அது சந்தகையாக இல்லை. கத்தியால் பொடியாக நறுக்கி, பாலில் குழைத்து, ஒரு கிண்ணத்தில், குழந்தைக்குக் கொடுப்பதுபோல் சின்ன ஸ்பூனோடு வந்தது. "ஐயாவுக்குத் தோதா இருக்கட்டும்னு மாஸ்டரே செஞ்சு குடுத்தாருங்க." மாஸ்டரும் சமையலறைக் கதவருகில் நின்று சிரித்த முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நைனா நாலு ஸ்பூன் சாப்பிட்டார். நல்லா இருந்துச்சா என்று அம்மா கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினார். அறைக்கு வந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை காந்திபுரம். இங்கே இட்லியைச் சாம்பாரில் பிசைந்தே கொண்டுவந்தார்கள். மடியில் விரித்துக்கொள்ளத் துண்டு ஒன்று கொடுத்தார்கள். பக்கத்து மேஜையில் நான்கு காலேஜ் பையன்கள் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பரிமாறுகிறவர் அவர்களிடம் குனிந்து, "தம்பிங்களா, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க சாமி. அங்க ஒரு ஐயா உடம்புக்கு முடியாதவரு சாப்பிடறாரு" என்றார்.

நான்கு பேரும் திரும்பினார்கள். அவர்களைப் பார்த்து அடுத்த மேஜையும் திரும்பியது.

நைனா எழுந்தார். இட்லியைத் தொடாத கையைக் கழுவினார். வெளியே வந்து, மேம்பாலத்துக்குக் கீழே, ஆட்டோ ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நின்றார். அம்மா பணம் கட்டிவிட்டு ஓடிவந்தாள்.

"எவன் எவங்கிட்டச் சொல்லி வெச்சிருக்கற?"

"உங்களுக்குத் தோதா இருக்கட்டும்னுதான்…"

"அன்னைக்குக் கலியாணப் பந்தில ஒருத்தன் ஏளனமாச் சிரிச்சான். அதக்கூட மறந்துருவேன். இவனுக எல்லாம் என்னையப் பாத்துப் பாவப்படறானுக. நீ காசு குடுத்துப் பாவப்பட வெச்சிருக்கற."

"தப்புத்தானுங்க."

"உக்கடம் போலாம். ஊட்டுக்குப் போறேன்."

அம்மா எனக்கு அப்போதுதான் போன் செய்தாள். ஆட்டோ சத்தத்துக்கு நடுவே, "மோசம் பண்ணிப்போட்டேன் அம்மணி" என்றாள். நான் வரட்டுமா என்றேன். "வராத" என்று வைத்துவிட்டாள்.

பிறகு அவள் செய்ததை நைனா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அவள் கெஞ்சவில்லை. லாட்ஜுக்கு வந்தார்கள். நைனா பையில் துணியை அடுக்கினார். அவள் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மணி பன்னிரண்டரை ஆனதும் எழுந்து செருப்பை மாட்டினாள்.

"ஏனுங்க, நீங்க பஸ் ஏறுங்க. எனக்குப் பசிக்குது. நான் சாப்பிட்டுப்போட்டு ராத்திரி பஸ்ஸுக்கு வாரேன்."

"எங்க?"

"டவுன்ஹாலுக்குப் பொறவால ஒரு மெஸ்ஸு. அங்க யாருகிட்டயும் சொல்லலீங்க."

"பொய்யி."

"சொல்லத்தான் போனேன். புரிஞ்சாத்தானே?"

அவள் நடந்துவிட்டாள். பையோடு நைனா பின்னால் வந்தார். உக்கடத்துக்கும் அதே திசைதான் என்பதால் வந்ததாக இன்றுவரை சொல்கிறார்.

அம்மா போட்ட திட்டப்படி அந்த மெஸ்ஸுக்கு மூன்று மணிவாக்கில், கூட்டம் வடிந்தபின் போக வேண்டும். அவர்கள் போய்ச் சேர்ந்தது ஒன்றே காலுக்கு. துணிக்கடை ஆட்களும், பாத்திரக்கடை ஆட்களும், லோடுமேன்களுமாக ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் அதைப் பிடித்துக்கொண்டு ஆள் நிற்கும் நேரம். ஒருவர் மோர் ஊற்றிக்கொள்ளும்போதே அடுத்தவர் முதுகில் முட்டுவார். அம்மா எதிரெதிரே இருந்த இரண்டு நாற்காலிகளுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். காலியானதும் ஒன்றில் உட்கார்ந்து, எதிர் நாற்காலியில் தன் பையை வைத்தாள். நைனா வாசலில் நின்றார்.

"ஏனுங்க பெரியவரே, உக்காருங்க, இல்லாட்டி வழி உடுங்க" என்றார் பின்னாலிருந்து ஒரு லோடுமேன். அந்தக் குரலில் இரக்கம் ஒரு துளியும் இல்லை. நைனா உட்கார்ந்தார்.

இலை விழுந்தது. தண்ணீர் தெளிப்பதற்குள் பொரியலும் கூட்டும் விழுந்தன. சாம்பார் வாளியோடு ஓர் ஆள் வந்தார். முப்பது வயதிருக்கும். கிஷன் என்று கல்லாவிலிருந்து கூப்பிட்டார்கள். வடக்கே எங்கிருந்தோ வந்து எட்டு மாதமானவர்.

"சாம்பார் போதும்?" என்று கேட்டார் கிஷன்.

நைனா நிமிர்ந்து பார்த்தார். இன்னும் ஒரு சொட்டும் ஊற்றவில்லை.

"போதும்? போதும்?" என்று அவசரப்படுத்தினார் கிஷன், கரண்டியைச் சாதத்துக்கு மேலே பிடித்தபடி.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாத்திரக்கடைக்காரர் தன் இலையிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னார்: "ஊத்தட்டுமான்னு கேக்கறானுங்க. இவன் ஊத்துறப்ப எல்லாரும் போதும் போதும்னு கத்தறாங்கல்ல? ஊத்தறதுக்குப் பேரே போதும்னு நெனச்சுக்கிட்டான். எத்தன தடவ சொல்லியும் மண்டைல ஏறல. நீங்க பேசாதீங்க. கையக் காட்டுங்க, அதத்தான் பாப்பான்."

நைனா "கொஞ்சம்" என்றார். அது என்னவாகக் கேட்டதோ, கிஷன் அதைக் காதில் வாங்கவே இல்லை. அவர் கண் நைனாவின் இடது கையில் இருந்தது. ஊற்றினார். நைனா கையை இலைக்கு மேலே கொண்டுவந்தார். கரண்டி அந்தரத்தில் நின்றது. கையை எடுத்தார். கரண்டி சாய்ந்தது. கையை நீட்டினார். நின்றது.

"இன்னொருக்கா பண்ணிப் பாத்தாரு, அம்மணி" என்று அம்மா என்னிடம் சொன்னாள். "சாம்பாரு வேணும்னு இல்ல. நிக்குதான்னு பாக்கறதுக்கு."

ரசம் வந்தது. "ரசம் போதும்?" நைனா வேண்டுமென்றே, இலைக்கு மேல் கையை விரித்துக்கொண்டு, வாயால் தெளிவாக, தன்னால் முடிந்த அளவு உரக்க, "போதுங்க!" என்றார். அது "போடுங்க" என்றுதான் வந்தது. கிஷன் கையைப் பார்த்தார். ஊற்றாமல் அடுத்த இலைக்கு நகர்ந்துவிட்டார்.

நைனாவுக்குச் சிரிப்பு வந்தது. வாயிலிருந்த சாதம் மூக்கில் ஏறி, இருமி, கண்ணில் தண்ணீர் வந்து, கன்னத்தில் ஒழுகியது. அம்மா துடைக்கக் கை நீட்டவில்லை. யாரும் திரும்பிப் பார்க்கவும் இல்லை. எல்லாருக்கும் அவரவர் இலை. நைனா தோள் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"என்னையக் காட்டிலும் மோசமாப் பேசறான்" என்றார்.

"இவன்கிட்டயும் சொல்லி வெக்கத்தான் பாத்தேனுங்க" என்றாள் அம்மா. "எல்லாத்துக்கும் தலையாட்டிப்போட்டு எனக்கு ரெண்டாந்தடவ சாம்பார் ஊத்திட்டான். அதான் கேள்விக்குறி போட்டேன்."

நைனா சாப்பிட்டார். ஒரு கவளம், ஒரு மடக்குத் தண்ணீர். சுற்றிலும் இலைகள் எடுபட்டு, புது இலைகள் விழுந்து, அவையும் எடுபட்டன. நைனாவின் நாற்காலிக்குப் பின்னால் ஆள் மாறி ஆள் வந்து நின்று, பொறுமையிழந்து போனார்கள். ஒருவர் மட்டும் போகாமல் நின்று நாற்காலியை லேசாக ஆட்டினார்.

"ஏனுங்க, முடிஞ்சுதுங்களா?"

நைனாவின் கை நின்றது. அம்மா அண்ணாந்து நின்றவரைப் பார்த்தாள்.

"இல்லீங்க. இன்னும் ரெண்டாம் சோறு இருக்குது, மோரு இருக்குது. அரை மணி நேரமாகுமுங்க. நீங்க அக்கட்ட பாருங்க."

"அரை மணியா? என்னுங்கம்மா, மாமியா ஊட்டு விருந்துங்களா இது?"

"ஆமாங்க. கலியாணத்துக்குப் பொறவு இப்பத்தான் கூட்டியாந்திருக்காரு."

பாத்திரக்கடைக்காரர் சிரித்துவிட்டார். நின்றவரும் சிரித்துக்கொண்டே அடுத்த மேஜைக்குப் போனார். நைனா இரண்டாம் சோற்றுக்குக் கையை எடுத்தார்.

அம்மா சாப்பிட்டு முடித்து வெகுநேரமாகியிருந்தது. விரல்களில் சாதம் காய்ந்துவிட்டது. கிஷன் இரண்டு முறை அவள் இலையை எடுக்க வந்தார். இரண்டு முறையும் அவள் இலைமேல் கையை வைத்துக்கொண்டாள். எதிரில் இருப்பவர் சாப்பிடும்போது இலை எடுபடக்கூடாது என்பது அவள் கணக்கு. ஒரு மணி பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தார்கள் என்று அம்மா சொன்னாள். ஐம்பது நிமிஷம்தான் என்கிறார் நைனா.

வெளியே வந்ததும் நைனா, "சந்தைல துண்டுக்கடியில வெரலப் புடிச்சு மாட்டுக்கு வெல பேசற மாதிரி இருந்துச்சு" என்றார். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு லாட்ஜ் இருந்த பக்கம் திரும்பி நடந்தார். உக்கடம் பற்றி அவர் பேசவில்லை. அவளும் நினைவுபடுத்தவில்லை.

கொஞ்ச தூரம் போனபின் கேட்டார்: "நாளைக்கு மத்தியானம் எங்க?"

"நாளைக்கும் இங்கதானுங்க. உங்களுக்குத் தோதா வேற எடம் எனக்குத் தெரியல."

"உனக்குத் தெரியலீன்னா நான் சொல்றேன்."

கொப்பரை விஷயமாக வரும்போதெல்லாம் அவர் சாப்பிட்ட ஓர் அசைவ ஓட்டல், உக்கடம் மீன் மார்க்கெட் பக்கம். சபுரா என்ற அம்மாள் நடத்துவது. அம்மா நின்றுவிட்டாள். அங்கே மாடிப்படி ஏற வேண்டும். குழம்பில் காரம் உச்சி மண்டைக்கு ஏறும். பரிமாறுவது எல்லாம் உள்ளூர் ஆட்கள். வாயைத்தான் கேட்பார்கள், கேட்காமலும் போடுவார்கள். ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"போட்டா போட்டுட்டுப் போறான்" என்றார் நைனா. "இலைல கெடக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை போனார்கள். சபுரா அம்மாள் அடையாளம் தெரியாமல் பார்த்து, பிறகு தெரிந்துகொண்டு, "என்ன மொதலாளி, வாயில என்ன வெத்தலையா? ஒண்ணும் புரியலியே!" என்றார். நைனா வாயைத் திறந்து காட்டினார். அந்த அம்மாள் எட்டிப் பார்த்து, "ஆத்தாடி, பாதி காணமே" என்றுவிட்டு உள்ளே திரும்பி, "தயிரு கொண்டாங்கடா" என்று கத்தினாராம். அவ்வளவுதான் விசாரிப்பு. கையை நீட்டியும் இரண்டு முறை சாதம் விழுந்தது. நைனா தயிர் ஊற்றிக் கரைத்து முடிந்தவரை சாப்பிட்டார். முடியாததை இலையிலேயே விட்டு மூடிவிட்டு எழுந்தார். அந்தக் குவியலை அவர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை என்று அம்மா சொன்னாள். அவள்தான் பார்த்தாளாம்.

அதன்பின் அவளுக்குக் கிடைத்தது பதினோரு மாதம். நைனா சாக்கு அறைக்குள் தட்டைக் கொண்டுபோவதை நிறுத்திவிட்டார். காலை, மதியம், இரவு மூன்று வேளையும் அடுப்படியில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஊருக்கு நான் போகும்போதெல்லாம் அம்மா முதலில் சாப்பிட்டு முடித்துவிட்டு, காய்ந்த கையோடு, ஊர்க்கதை பேசிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். எழுந்து கை கழுவிவிட்டு வந்து உட்காரலாமே என்று ஒருமுறை சொன்னேன். "கைய கழுவிட்டா நான் காத்திருக்கற மாதிரி ஆயிரும்" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் நான் உக்கடம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். பொள்ளாச்சி பஸ் நிற்கும் இடத்தில் இருவரையும் தேடினேன். டீக்கடை முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள். போகிறவர் வருகிறவரெல்லாம் இடித்துக்கொண்டு போகும் இடம். நைனா கையில் செய்தித்தாளில் சுற்றிய உருளைக்கிழங்கு போண்டா இருந்தது. பார்த்துவைத்து வாங்கியதில்லை; அப்போதைக்கு வாசனை பிடித்திருக்கிறது. மேல்தோலைப் பிய்த்துப் பிய்த்து அம்மாவின் உள்ளங்கையில் வைத்தார். உள்ளே இருந்த கிழங்கைத் தான் எடுத்து வாயில் வைத்து, தலையை லேசாகப் பின்னால் சாய்த்து, தண்ணீர் ஊற்றி விழுங்கினார். அம்மா அந்தத் தோலை மொறுமொறுவென்று தின்றுகொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்ததும் நைனா, "இன்னொண்ணு குடுங்க" என்றார் கடைக்காரரிடம்.

கடைக்காரருக்குப் புரியவில்லை. "என்னுங்க?"

நைனா ஒரு விரலைக் காட்டினார்.